நோர்மா பார்த்த முகம்

மலாய் நாட்டில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், வேலை கேட்டு வரும் பெண்களை வரிசையாக நிற்க வைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். கண் நன்றாகத் தெரியுமா? ஆஸ்துமா உண்டா? வலிப்பு வருமா?

கடைசிக் கேள்வி முடியும் முன்பே ருக்குமணி இல்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு அவசரமாகச் சொன்னதே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்தாள். கேட்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

ருக்குமணிக்கு வலிப்பு முதன்முதலில் வந்தது பள்ளிக்கூடத்தில், காலைக் கூட்டத்தில் எல்லாரும் நின்று பாடிக்கொண்டிருந்தபோது. கண் திறந்தபோது யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக் காலணிகள். அதற்குப் பிறகு அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை அவள் அம்மாவிடம் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகை போனதும் வேலை குறைந்தது. அடுத்த சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா நல்லம்மாள் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு. ருக்குமணிக்குக் கீழே கல்யாண வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கை. தொழிற்சாலை வேலை கிடைத்த அன்று நல்லம்மாள் மகளை உட்கார வைத்துச் சொன்னது ஒன்றுதான்.

"யாருகிட்டயும் வாயத் தொறக்காத. கேட்டா காய்ச்சல்னு சொல்லு, மயக்கம்னு சொல்லு. அந்தப் பேர மட்டும் சொல்லாத."

வேலை, சூடான ஒரு சின்ன மேடையின் மேல் நகக்கண் அளவு மின்னணுச் சில்லை வைத்து, நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது. நீல மேலங்கி போட்ட பெண்கள் நீள வரிசையில் குனிந்திருப்பார்கள். ருக்குமணிக்குப் பக்கத்து இருக்கை நோர்மாவுடையது. பாலிக் புலாவ் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஓயாமல் பேசுவாள், தனக்குக் கொண்டுவரும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் பாதியைக் கேட்காமலே பிரித்துக் கொடுப்பாள். இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள்.

வலிப்பு வருமுன் ருக்குமணிக்கு ஒரு வாசனை வரும். ரப்பர் கருகுவது போன்ற வாசனை. வீட்டிலிருந்தவரை அது ஒரு எச்சரிக்கையாக இருந்தது. வந்ததும் தரையில் படுத்துவிடுவாள். தொழிற்சாலையில் அந்த உதவியும் போயிற்று. அங்கே எந்நேரமும் ஏதோ ஒன்று சூடாகி நாறிக்கொண்டிருந்தது. மூக்கில் படுவது வெளியிலிருந்து வருகிறதா, தன் தலைக்குள்ளிருந்து வருகிறதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.  ஒரு நாளில் பல தடவை நோர்மாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்பாள்.

"ஏதாச்சும் கருகுதா?"

"இங்க எப்பவும் கருகிக்கிட்டுத்தான் இருக்கு லா. ஒனக்கு நாய் மூக்கு."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவாள்.

மாத்திரை பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதை வாங்க மாதத்தில் ஒரு காலைப்பொழுது போய்க் காத்திருக்க வேண்டும். காலை ஷிப்ட் வாரமானால் விடுப்பு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். சித்தப்பா இறந்துவிட்டார் என்றாள். பிறகு மறதியில் அதே சித்தப்பாவை இன்னொரு முறையும் சாகடித்தாள். இனி விடுப்பு கேட்டால் வேலையே இருக்காது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாத்திரையைப் பல்லால் கடித்துப் பாதி பாதியாக விழுங்கினாள். பாதியும் மருந்துதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை.

அது நடந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி முடிந்து எல்லாரும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில். வாசனை வந்தது. கெட்டியாக, தொண்டைவரை வந்தது.

"நோர்மா, ஏதாச்சும் கருகுதா?"

நோர்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இல்லையே. ஒண்ணும் இல்லையே."

ருக்குமணி எழுந்தாள். ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். ஓடாமல், சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். எது வந்தாலும் ஒரு கதவுக்குப் பின்னால் வரட்டும், அவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது. கடைசிக் கழிப்பறையின் கதவு கைக்கு எட்டியதுவரை நினைவு இருந்தது.

அந்தக் கடைசிக் கழிப்பறையைப் பற்றிப் பெண்களிடையே முன்பே பேச்சு இருந்தது. தொழிற்சாலை கட்டுவதற்கு முன் அந்த நிலம் தென்னந்தோப்பு, தோப்பின் ஓரத்தில் பழைய சமாதிகள் இருந்தன என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தனியாக அங்கே யாரும் போவதில்லை. ருக்குமணியின் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்து, தண்ணீர் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போன நோர்மாவுக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்திருக்கும். கதவைத் தள்ளினாள். உள்ளே ருக்குமணியின் முகம் இருந்தது, ஆனால் ருக்குமணி இல்லை. கண்ணில் கருவிழியே தெரியவில்லை. வாயில் நுரை, நுரையில் ரத்தம். தொண்டையிலிருந்து, மனிதர் யாரும் போடாத ஒரு சத்தம். கால் கதவை உதைத்துக்கொண்டே இருந்தது.

"ஹந்து!" என்று கத்திக்கொண்டு நோர்மா ஓடினாள். "ருக்குமணி மொகத்துல ஹந்து!"

பேய் என்ற அந்தச் சொல் வரிசை முழுவதும் பரவச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும். ஒரு பெண் நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்கி அலறினாள். அவள் அலறலைக் கேட்டு இன்னொருத்தி விறைத்து விழுந்தாள். அடுத்து யார், அடுத்து யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தே நடுங்கினார்கள். மேற்பார்வையாளர் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். விளக்கும் அணைந்ததில் அலறல் இரண்டு மடங்காயிற்று.

ருக்குமணி கண் விழித்தபோது கன்னத்தில் சிமெண்டுத் தரையின் ஈரம். இருட்டு. நாக்கு வலித்தது. தான் யார், இது எந்த இடம் என்பது மெதுவாகத்தான் வந்தது. அதற்குள் சுவருக்கு அப்பால் நூறு குரல்கள் அலறுவது காதில் விழுந்தது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். எழ முயன்றாள், கால் நிற்கவில்லை. அப்போதுதான் பாவாடை நனைந்திருப்பது தெரிந்தது. அலறல் ஒரு பக்கம் இருக்க, குழாயைத் திறந்து மேலங்கி முழுவதையும் நனைத்துக்கொண்டாள். எந்த ஈரம் எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. சாகப்போகிறோம் என்ற பயத்தைவிடவும் அந்தப் பயம் பெரியதாக இருந்தது.

வெளியே வந்தாள். நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. தரையில் கிடந்து துள்ளிய ஒரு பெண்ணை நான்கு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோர்மா சுவரோரம் குந்தியிருந்தாள். ருக்குமணியைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு வீறிட்டாள். பிறகு விரலிடுக்கில் பார்த்து, மெல்லக் கை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நீதானா?"

"நான்தான்."

"அது ஒன் மொகத்தப் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ருக்கு. சத்தியமா. ஒன் மொகம்."

என்ன நடந்தது என்பது ருக்குமணிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அலறல் எல்லாம் தன்னால்தான்.

"நீ எங்க போயிருந்த?" என்று நோர்மா கேட்டாள்.

"மாடிப்படி பக்கம். தலை சுத்துச்சு, தண்ணிய மேல ஊத்திக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். "ஹந்துன்னே இருக்கட்டும். நம்ம பேர் வரல இல்ல? அது போதும்."

தொழிற்சாலையைச் சில நாள் மூடினார்கள். பேயோட்டும் ஒரு போமோவை அழைத்து வந்தார்கள். அவர் சாம்பிராணிப் புகையோடு இயந்திரங்களுக்கு நடுவே நடந்து, மஞ்சள் அரிசி தூவினார். வாசலில் ஆடு அறுத்தார்கள். பெண்கள் எல்லாரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். போமோ நடந்து வரும் வழியில் தன்னிடம் வந்து நின்று, இதோ இவள்தான் என்று விரல் நீட்டுவார் என்று ருக்குமணி எதிர்பார்த்தாள். முன்னால் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் கடந்து போய்விட்டார்.

வேலை மறுபடியும் தொடங்கியது. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்கள். நோர்மா தேறவில்லை. கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பேச்சும் நின்றுபோயிற்று. ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வீறிட்டதில், வரிசை மறுபடியும் கலைந்தது. பணியாளர் பிரிவு அதிகாரி பரமநாதன் மேலிடத்தோடு பேசி, இந்தப் பெண்ணுக்கு மனநிலை சரியில்லை, வார இறுதியோடு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் நோர்மா அதைச் சொன்னபோது அழவில்லை. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க. நான் பாத்தது நெசம். இல்ல, பாக்கவே இல்லையா? நீ சொல்லு, ருக்கு. எனக்குப் பைத்தியமா?"

ருக்குமணி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.  எழுந்து நேரே மருந்து அறைக்குப் போனாள்.

தொழிற்சாலை மிஸ்ஸி செல்வநாயகி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று, இங்கேயும் அதே வேலைக்கு வந்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த அறைக்குத் தலைவலி என்று போகவே பெண்கள் தயங்குவார்கள்.

"மிஸ்ஸி, நோர்மா பாத்தது ஹந்து இல்ல. என்னைத்தான்."

மிஸ்ஸி எழுந்து கதவைச் சாத்தினார். "எப்ப இருந்து வலிப்பு?"

"ஸ்கூல்ல இருந்து."

"குளிசை எடுக்கிறியா?"

"பாதி."

"ஏன் பாதி?"

ருக்குமணி சொன்னாள். விடுப்பு, சித்தப்பா, கடித்து விழுங்கியது எல்லாம்.  சொல்லி முடித்ததும், எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ருக்குமணிக்குத் தோன்றியது.

"இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்கேலாது பிள்ளை," என்றார் மிஸ்ஸி. "சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவினம். சொல்லாட்டி, அடுத்த முறை அந்தச் சூட்டு மெஷினுக்கு மேல முகம் குப்புற விழுவாய். எனக்கு ரெண்டும் பயமாத்தான் கிடக்கு."

"நோர்மாவ அனுப்பாம இருந்தா போதும், மிஸ்ஸி."

"அப்ப முதல்ல அவளிட்டப் போய்ச் சொல்லு. பிறகு மேல போவம்."

சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம், காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் வைத்து நோர்மாவிடம் சொன்னாள். நோர்மா நம்பவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்தாள்.

"வாயத் தொற," என்றாள்.

ருக்குமணி நாக்கை நீட்டினாள். ஓரத்தில் பல் பதிந்த காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நோர்மா அதை அருகில் வந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"இத்தன நாளா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ருக்குமணிக்கு அன்றிரவு தூக்கமில்லை. விடிந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி இருக்கைகள் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

காலையில் நோர்மா தொழிற்சாலை வாசலிலேயே அவளுக்காக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கேட்டது இதுதான்:

"அடுத்த தடவ வந்தா நான் என்ன செய்யணும்?"

அப்படி ஒரு கேள்வியை ருக்குமணியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்கே பதில் தெரியவில்லை. விழுந்த பிறகு நடப்பது எதையும் அவள் பார்த்ததில்லையே.

பரமநாதன் கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். மிஸ்ஸி சொன்னதைக் கேட்டதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நோர்மா இருக்கலாம், ஆனால் வலிப்பு நோய்க்காரிக்கு இங்கே இடமில்லை, டாக்டர் வார்த்தை வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்றார்.

வீட்டில் இருந்த நாட்கள் தொழிற்சாலை நாட்களைவிடக் கொடியவை. விஷயம் அடுக்குமாடிவரை வந்துவிட்டது. லிப்டில் அவள் ஏறினால் ஒரு பெண் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். நிபோங் திபாலிலிருந்து வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் பிறகு ஆள் அனுப்பவில்லை. நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? யாரு கேட்டா ஒன்ன?"

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கட்டிய சேலையைத் தங்கை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதுதான் அதிகம் சுட்டது.

அந்த வாரங்களில் மிஸ்ஸி பரமநாதனை விடவில்லை. அவர் அறையில் நடந்த பேச்சை, வாசலில் காத்து நின்ற நோர்மாவிடம் மிஸ்ஸி சொல்ல, அவள் வழியாகப் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

"விழுந்து அடிபட்டா ஆர் பொறுப்பு, மிஸ்ஸி?"

"இப்பவும் விழுந்தவள்தானே. அப்ப ஆர் பொறுப்பெடுத்தது? மிஸ்டர் பரமநாதன், ஹந்து வந்து நாள்கணக்கில கொம்பனியை மூடினனீங்கள். வலிப்பு வந்தா சில நிமிஷம். தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில நிண்டா ஒரு மெஷினும் நிக்கத் தேவையில்லை. உங்களுக்கு எது வேணும்?"

கருணையைவிட அந்தக் கணக்குத்தான் அவரிடம் எடுபட்டது. டாக்டரும், மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் வேலை செய்யலாம், சூடான இயந்திரம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ருக்குமணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சூட்டு மேடையிலிருந்து மாற்றி, முடிந்த சில்லுகளைச் சரிபார்க்கும் மேசைக்கு அனுப்பினார்கள். முதுகும் கையும் உள்ள நாற்காலி கொடுத்தார்கள். கழிப்பறைக் கதவுகளுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வந்தது. ஆஸ்பத்திரி நாளில் அவளுக்கு மாலை ஷிப்ட். அந்த நாளுக்காக அவள் யாரையும் சாகடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் மிஸ்ஸி எல்லாப் பெண்களையும் கூட்டினார். யாராவது ஒருத்தி தரையில் படுத்து நோயாளியாக நடிக்க வேண்டும் என்றார். எல்லாரும் பின்வாங்கினார்கள். நோர்மா வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சிமெண்டுத் தரையில் படுத்தாள். 

"பக்கவாட்டில திருப்புங்கோ. தலைக்குக் கீழ துணி. வாய்க்குள்ள கரண்டி வேண்டாம், கையில சாவி வேண்டாம். அழுத்திப் பிடிக்க வேண்டாம். பக்கத்தில இருங்கோ. அவ்வளவுதான்."

சில பெண்கள் சிரித்தார்கள். சிலர் கடைசிவரை கிட்டே வரவில்லை. ஒருத்தி, இது எச்சிலில் ஒட்டுமா என்று கேட்டாள். இல்லை என்று மிஸ்ஸி சொல்லியும் அவள் தன் குவளையை அன்றிலிருந்து தனியாக வைத்துக்கொண்டாள்.

ருக்குமணியின் பயம் போகவில்லை, இடம்தான் மாறியது. முன்பு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தாள். இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். பேனா கீழே விழுந்தால் வரிசையே திரும்பியது.

சில மாதங்கள் கழித்து அது வந்தது. வாசனை வந்ததும் நோர்மாவின் பெயரை மட்டும் சொல்ல முடிந்தது. கண் விழித்தபோது தலைக்குக் கீழே நோர்மாவின் கழுத்துத் துணி மடித்து வைத்திருந்தது. மேலே யாரோ ஒரு மேலங்கியைப் போர்த்தியிருந்தார்கள். அலறல் கேட்கிறதா என்றுதான் முதலில் காது கொடுத்தாள். இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டுந்தான். தூரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள், அவளை இன்னொருத்தி தேற்றிக்கொண்டிருந்தாள். நோர்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"முடிஞ்சுருச்சு லா," என்றாள். "எந்திரிக்காத. எனக்கே இன்னும் கால் வரல."

இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் தரையில் இருந்தார்கள்.

தங்கைக்குப் பிறகு பட்டர்வொர்த்தில் ஒரு லாரி ஓட்டுநரோடு கல்யாணம் நடந்தது. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித்தான் நடந்தது. நோர்மா பாலிக் புலாவிலேயே வாழ்க்கைப்பட்டு வேலையை விட்டாள். மிஸ்ஸி இந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். ருக்குமணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் கேட்டு வந்தார், அவளுக்குத்தான் துணிவு வரவில்லை. அந்தக் கம்பெனியிலேயே இருந்தாள். அவள் வேலை செய்வதைப் பார்த்து, போலியோவில் கால் சூம்பிய ஒரு பெண்ணையும், காது கேளாத இருவரையும் அதே மேசைகளுக்கு எடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் பிரிவைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. மேற்பார்வையாளர் சித்தி ஹாஜரா இளம்பெண், கல்லூரி முடித்து வந்தவள். முதல் நாள் காலை, உட்காருவதற்கு முன் ருக்குமணி அவள் மேசைக்குப் போனாள்.  முன்பு எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரித்தான் இருந்தது.

"எனக்கு வலிப்பு வரும். அபூர்வமாத்தான். வந்தா என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரேன்."

சித்தி ஹாஜரா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். அவள் கண்ணில் அந்தப் பழைய பயம் தெரிந்தது. ருக்குமணி நகராமல் நின்றாள். பிறகு அந்தப் பெண், பக்கத்திலிருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க அக்கா. மெதுவா சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்று சொல்லி ருக்குமணி உட்கார்ந்தாள்.